கூரையின் விலை

திட்டக்குடிப் பேருந்து நிலையத்தில், இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்னைப் பேருந்துக்காகக் காத்திருக்கும் கூட்டத்தை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். கணவன், மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஓர் அரிசிப் பை. சாக்குத் துணியில் சுற்றிய கரணையும் தூக்குக்குண்டும் பைக்கு வெளியே தெரியும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள். வெள்ளாற்றங்கரையில் இருந்தாலும் நம் வட்டாரத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. 1923இல் கட்டி முடிக்கப்பட்ட வெலிங்டன் ஏரி நிரம்பாத ஆண்டில் உழவு வேலை இல்லை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளிலும் எல்லாருக்கும் இடமில்லை. ஆகவே, பிறருக்கு வீடு கட்டித் தர இவர்கள் பட்டணம் போகிறார்கள். அங்கே இவர்கள் எங்கே படுத்து உறங்குகிறார்கள் என்ற கேள்வியை நாம் நெடுங்காலம் கேட்டதில்லை.

கேட்க வைத்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். அவருடைய குடும்பம் சென்னையில் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் குடிசை போட்டுப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தது. கணவர் கொத்தனார்; மனைவி மயிலாப்பூர்ப் பக்கம் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கினார். ஒரு நாள் கரையைக் காலி செய்யச் சொல்லி, நகரின் தென்கோடியில் அடுக்குமாடி வீடு ஒன்றை ஒதுக்கினார்கள். போகலாமா என்று நம்மிடம் கேட்டார்கள். ‘ஓலைக் குடிசையில் எத்தனை காலம் இருப்பீர்கள்? காரை வீடு கிடைக்கிறது. தயங்காமல் போங்கள்’ என்று நாம் சொன்னோம். நாமே சென்று அந்த வீட்டை மந்திரித்தும் கொடுத்தோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பணியின் பொருட்டுச் சென்னை சென்றோம். அதிகாலையில் மயிலாப்பூரில் நடந்து போகையில், பூட்டிய கடை ஒன்றின் முன்படியில் பாயைச் சுருட்டிக் கொண்டிருந்த அந்தத் தாயைக் கண்டோம். நாம் திடுக்கிட்டு நின்றோம். அவர் வெட்கத்தோடு சிரித்தார். ‘வீடு இருக்குது சாமி. வேலைதான் அங்க இல்ல. காலையில ஆறு மணிக்கு வாசல் தெளிக்கணும். அங்கருந்து பஸ் ஏறி வந்தா ஆவுமா? சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் போவேன்’ என்றார். நாம் மந்திரித்த வீடு வாரத்தில் ஆறு நாள் பூட்டியிருந்தது. வீடு பெற்றதனாலேயே ஒருவர் நடைபாதைக்கு வந்துவிட்டார்.

இது எப்படி நேர்ந்தது என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கியபோது, வீடற்றோரைப் பற்றி நாம் கொண்டிருந்த கருத்துகள் பலவும் தவறு என்று தெரிந்தது. சென்னை நகரின் வரலாறே நமக்கு ஆசிரியராயிற்று. அந்தப் பாடத்தை வாசகர்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

கால்வாயை வெட்டியவர்கள்

பக்கிங்காம் கால்வாய் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது சாக்கடை நீரும் குடிசைகளும்தான். ஆனால் அந்தக் கால்வாயின் கதை பசியில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் குடித்தது. ஊர்களில் உணவின்றி மக்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கப் பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளம். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு இடப்பட்டது. வெட்டிய கைகளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

பின்னும் மக்கள் வந்து கொண்டே இருந்தார்கள். 1901இல் ஏறத்தாழ 5 இலட்சமாக இருந்த நகர மக்கள்தொகை, 1951இல் 14 இலட்சமாயிற்று. 1971இல் 25 இலட்சத்தை நெருங்கியது. துறைமுகத்துக்கு மூட்டை தூக்குவோர் தேவை. பெரம்பூர் ஆலைகளுக்குத் தொழிலாளர் தேவை. வளமனைகளுக்குச் சமையல் செய்வோரும் துணி வெளுப்போரும் தேவை. இவர்களுடைய உழைப்பை நகரம் வேண்டியது. இவர்கள் உறங்க இடம் வேண்டுமே என்பதை மட்டும் அது எண்ணவில்லை. கூலியைக் கணக்கிட்டவர்கள் அதில் வாடகைக்கு ஒரு பங்கு வைக்கவில்லை. ஆகவே விலைக்கு வராத நிலத்தில், அதாவது ஆற்றங்கரையில், கால்வாய் ஓரத்தில், இரயில் பாதையின் புறத்தே, கடற்கரை மணலில், ஏழைகள் தாங்களே குடிசை அமைத்துக் கொண்டார்கள். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன; அவற்றில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நகரில் ஏறத்தாழ மூவருள் ஒருவர் குடிசைவாசி.

குடிசையும் கிடைக்காதவர் நடைபாதைக்கு வந்தனர். இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைப்பது நம்மில் பலருடைய வழக்கம். விடியுமுன் கோயம்பேட்டிலும் பாரிமுனையிலும் மூட்டை தூக்குபவர் யார் என்று பார்த்தால் அந்நினைப்பு அகலும். உழைக்காததால் தெருவில் படுக்கிறவர் சிலர். உழைக்கும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தெருவில் படுக்கிறவர் பலர். இவர்களோடு, கணவனை இழந்து புகலிடம் இல்லாத பெண்கள், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோர், மனநோயால் வழிதவறி வந்தோர் என இன்னொரு கூட்டமும் உண்டு. அத்தகைய பெண்களுக்காக 1993இல் சென்னையில் ‘பான்யன்’ என்னும் தொண்டு நிறுவனம் தோன்றியது. இவ்விரு கூட்டத்தாருக்கும் தேவை வேறு வேறு. இருவரையும் ஒரே லாரியில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கிவிடுவது தீர்வாகாது.

இடித்தலும் கட்டுதலும்

ஏழைகளின் குடியிருப்பை என்ன செய்வது என்ற கேள்வி புதியதன்று. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது, நெருக்கமான தெருக்களே நோய்க்குக் காரணம் என்று கருதி, 1898இல் நகரச் சீரமைப்பு அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள். அகன்ற சாலைகள் உருவாயின. பழைய வீடுகள் இடிபட்டன. இடித்த அளவுக்கு ஏழைகளுக்கு வீடு எழவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் பக்கத்துத் தெருவில் மேலும் நெருங்கிக் குடியேறினார்கள். நோய் போகவில்லை, இடம் மட்டும் மாறிற்று.

இதைக் கூர்ந்து கண்டு எச்சரித்தவர் ஸ்காத்லாந்து நாட்டறிஞர் பேட்ரிக் கெடிஸ். சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பில், 1915இல் அவர் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் தெருக்களில் நடந்து அறிக்கைகள் எழுதினார். பொறியாளர்கள் நேர்கோட்டில் சாலை போட வரைபடம் தீட்டியபோது, அந்தக் கோடு எத்தனை வீடுகளின் நடுவே போகிறது என்று அவர் எண்ணிக் காட்டினார். பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றி, கிணற்றைத் தூர் வாரி, மரம் நட்டு, காற்றுக்கு வழி விட்டால் பல மடங்கு குறைந்த செலவில் தெரு நலம் பெறும் என்றார். உடலை வெட்டி எறியாமல், நோயுற்ற இடத்தை மட்டும் தொட்டுக் குணமாக்கும் மருத்துவம் அது. அவர் சொல்லைக் கேட்டவர் அன்று சிலரே.

அதே இடத்தில் அடுக்கு வீடு

விடுதலைக்குப் பின் சென்னையில் வீட்டு வசதிக்கென அமைப்புகள் உருவாயின. 1961இல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் தோன்றியது. ஆயினும் குடிசைகளையே கருத்தில் கொண்ட அமைப்பு, 1970இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது ஏற்படுத்தப்பட்ட குடிசை மாற்று வாரியம்தான். 1971இல் அதற்குரிய சட்டமும் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணலாம் என்னும் அண்ணாவின் கருத்தை அவ்வாரியம் தன் குறிக்கோளாகக் கொண்டது. இறைப்பணியில் இருக்கும் நமக்கு இதைவிட நல்ல குறிக்கோள் தோன்றுவதில்லை.

அன்று அவர்கள் செய்தது எளிய, ஆனால் துணிவான செயல். தீப்பிடிக்கும் ஓலைக் குடிசைகள் இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே, மாடி வீடுகளைக் கட்டினார்கள். மெரினாவை அடுத்த நொச்சிக்குப்பத்து மீனவருக்குக் கடல் பார்க்கும் இடத்திலேயே வீடு எழுந்தது. வலையை விட்டு அவர்கள் பிரிய வேண்டியிருக்கவில்லை.

இம்முறையின் குறை செலவு. நகர நடுவில் நிலத்தின் விலை உயர்ந்து கொண்டே போனது. ஒரு வீட்டுக்கு ஆகும் தொகையைக் கொண்டு, தேவைப்படுவோரில் மிகச் சிலருக்கே வீடு தர முடிந்தது. வாங்கிய சிறு வாடகை பராமரிப்புக்குப் போதவில்லை. அதுவும் ஒழுங்காக வசூலாகவில்லை. கட்டும்போது விழா எடுத்தவர்கள், காரை பெயர்ந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. 1993இல் திருவொற்றியூரில் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்புத் தொகுதி ஒன்று, 2021 டிசம்பரில் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் உயிர்கள் தப்பின. கட்டடத்துக்கு வயது முப்பது கூட நிறையவில்லை. வீடு என்பது ஒரு முறை செலவழித்து மறந்துவிடும் பொருளன்று. ஆண்டுதோறும் பேண வேண்டிய உயிர்ப்பொருள் என்பதை அந்த இடிபாடு சொல்லிற்று.

மனையும் குழாயும்

செலவைக் குறைக்க வேறொரு வழி 1977இல் உலக வங்கியின் கடனோடு வந்தது. அரசு வீடு கட்டித் தராது, மனை தரும். சாலை, குடிநீர்க் குழாய், கழிவறை, மின்கம்பம் ஆகியவற்றை அமைத்துக் கொடுக்கும். வீட்டை மக்கள் தங்கள் வசதிக்கேற்பச் சிறிது சிறிதாகக் கட்டிக் கொள்வார்கள். மனையின் விலையைப் பல ஆண்டுத் தவணையில் செலுத்துவார்கள். வசதியுள்ளோருக்கும் கடைகளுக்கும் சில மனைகளை உயர்ந்த விலைக்கு விற்று, அந்த வருவாயால் ஏழைகளின் மனைவிலை குறைக்கப்பட்டது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் இவ்வாறு குடியிருப்புகள் தோன்றின. பின்னர் முகப்பேர் போன்ற இடங்களிலும் பரவின. பழைய குடிசைப் பகுதிகளையும் இடிக்காமல், அவற்றுக்குள்ளேயே குழாயும் கழிவறையும் பட்டாவும் தரும் பணி அதனோடு சேர்ந்து நடந்தது. கெடிஸ் 1915இல் சொன்னதற்கு அறுபது ஆண்டுகள் கழித்துச் செவி கிடைத்தது எனலாம்.

அன்று இதைப் பலர் குறை கூறினார்கள். மனைகள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. மக்கள் குடியேறத் தாமதிக்கிறார்கள். அரைகுறைச் சுவர்களாக நிற்கின்றன என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மையும் இருந்தது. சில ஏழைகள் மனையை விற்றுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பியதும் உண்டு. ஆயினும் இருபது ஆண்டுகளுக்குப் பின் அவ்விடங்களுக்கு மீண்டும் சென்று ஆராய்ந்தவர்கள், 2018இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொன்று கண்டார்கள். தோல்வி என்று கைவிடப்பட்ட அந்தக் குடியிருப்புகள், பல வருவாய்ப் பிரிவினரும் கலந்து வாழும் உயிருள்ள பகுதிகளாக வளர்ந்திருந்தன. ஓரறை வீடு இரண்டு மாடியாகி, கீழே கடையும் மேலே குடும்பமுமாக நின்றது. நகரம் அவர்களைத் தேடி வந்துவிட்டது. கோயம்பேட்டுச் சந்தையும் பேருந்து நிலையமும் வந்தன. 2015இல் அரும்பாக்கத்துக்கு மெட்ரோ இரயிலும் வந்தது. ஏழையின் கையில் நிலத்தையும் காலத்தையும் கொடுத்தால் அவனே கட்டுவான் என்பது அங்கே மெய்யாயிற்று.

ஊருக்கு வெளியே

நல்ல பாடம் கிடைத்த பின்னும் நாம் அவ்வழியில் தொடரவில்லை. 1990களுக்குப் பின் நகர நிலம் தங்கமாயிற்று. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999இல் நீக்கப்பட்டது. கால்வாயின் மேல் பறக்கும் இரயில் பாதை வந்தது. ஆறுகளைத் தூய்மை செய்யும் திட்டங்கள் வந்தன. கரையில் இருந்தவர்களை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு, நிலம் மலிவாகக் கிடைக்கும் இடம் எது என்பதே விடையாகக் கொள்ளப்பட்டது.

2000ஆம் ஆண்டு முதல் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்தபின், கடலோரத்து மக்கள் பலர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்துப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் இருபதாயிரத்தை எட்டும் வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், கூவம், அடையாற்றங்கரை மக்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். வெள்ளத்தினின்று காப்பதற்கென்று இவர்களை அனுப்பிய இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது; அங்கும் மழைநீர் தேங்கியது.

அரசின் மீது மட்டும் பழி போடுவது நம் நோக்கமன்று. ஆற்றங்கரையில் குழந்தைகள் வெள்ளத்தில் போவதைப் பார்த்துக் கொண்டு ஓர் அரசு வாளாவிருக்க முடியாது. கட்டிய வீடு உறுதியானது. அதில் மின்சாரமும் கழிவறையும் உண்டு. காலப்போக்கில் அந்தச் சாலையில் வந்த கணினி நிறுவனங்களில் துப்புரவு வேலையும் காவல் வேலையும் சிலருக்குக் கிடைத்தன. பள்ளிகளும் மெல்ல மெல்ல வந்தன. ஆனால் மக்கள் முதலில் சென்றார்கள். மற்றவை பின்னால் வந்தன. அந்த இடைவெளியில்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றார்கள். ஆண்கள் குடிக்குப் போனார்கள். பெண்கள் கடைப்படியில் உறங்கினார்கள்.

இவ்விடத்தில் ஒரு தீர்ப்பை நினைவுகூர வேண்டும். பம்பாய் நடைபாதைவாசிகளை 1981இல் வெளியேற்ற முனைந்தபோது தொடுக்கப்பட்ட வழக்கில், 1985 ஜூலை 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் உள்ளிட்ட ஐவர் அமர்வு அது. அதே ஆண்டில், சென்னைக் குடிசைவாசிகளுக்காக, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய கே. சந்துரு தொடுத்த வழக்கும் முடிவுற்றது. வாழும் உரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்பதே பம்பாய்த் தீர்ப்பின் உயிர்நாடி. ஒருவன் நடைபாதையில் படுப்பது வேலைக்கு அருகில் இருக்கவே. அவனை அங்கிருந்து அகற்றினால் வேலையையும் பறிக்கிறோம் என்பதை நீதிமன்றம் ஏற்றுக் கொண்டது. ஆயினும் உரிய அறிவிப்புக் கொடுத்து, மழைக்காலம் முடிந்தபின் வெளியேற்றலாம் என்றும் கூறிற்று. உரிமை ஏட்டில் நின்றது. மக்கள் தெருவில் நின்றார்கள்.

கணக்கில் வராத செலவு

இப்போது செலவுக்கு வருவோம். தொலைவில் கட்டிய வீடு மலிவானது என்று சொல்கிறோம். எவருடைய ஏட்டில் மலிவு? நிலத்தின் விலை குறைந்தது. அது அரசின் ஏட்டில் வரவு. ஆனால் வேலைக்குப் போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். அது யார் ஏட்டில் எழுதப்பட்டது? நான்கு வீட்டு வேலையில் இரண்டு போயிற்று. அந்தக் கூலி யாருடைய இழப்பு? அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுத்த அண்டை வீட்டுக்காரி வேறெங்கோ போய்விட்டாள். வட்டிக்காரனிடம் கடன் வாங்க வேண்டியதாயிற்று. அந்த வட்டியை எந்தத் திட்ட அறிக்கை காட்டுகிறது? பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆன செலவோ அரசுக்கே நட்டம். நிலத்தில் மிச்சம் பிடித்த தொகையை, ஏழையின் உடம்பிலிருந்தும் நேரத்திலிருந்தும் நாம் வசூலித்துவிட்டோம். வீட்டின் உண்மையான விலை, செங்கல்லின் விலையும் நிலத்தின் விலையும் மட்டுமன்று. அங்கிருந்து வேலைக்குப் போகும் வழியின் விலையும் சேர்ந்ததே. இதுவே இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்ற ஒரே பாடம்.

2021 மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தத் தாய் அன்று தொலைத்த பணத்தை இன்றைய பெண்கள் தொலைக்க வேண்டியதில்லை, நல்லது. ஆனால் போக்குவரத்தில் கழியும் நேரத்தை எவரும் திருப்பித் தர முடியாது.

வீடு இல்லாமையால் மட்டும் மக்கள் வீடற்றோர் ஆவதில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் கூரையின்றி வாழ்ந்தோர் ஏறத்தாழ 17.7 இலட்சம். 2001ஐ விட மொத்த எண்ணிக்கை குறைந்தது. ஆனால் நகரங்களில் மட்டும் அது 7.8 இலட்சத்திலிருந்து 9.4 இலட்சமாக உயர்ந்தது. அதே கணக்கெடுப்பில் நகரங்களில் ஆளின்றிக் கிடந்த வீடுகள் 1.1 கோடி. 2012இல் நடுவண் அரசின் வல்லுநர் குழு, நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என மதிப்பிட்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருவாயினருக்கும் உரியது. ஒரு புறம் ஆளில்லா வீடு; மறு புறம் வீடில்லா ஆள். இரண்டுக்கும் நடுவே நிற்பது விலை.

வீட்டுக்கு வழியில்லாதோருக்கு இரவு உறைவிடம் என்ற வழியும் உண்டு. கடுங்குளிரில் தில்லித் தெருக்களில் மக்கள் மடிந்ததைத் தொடர்ந்து, 2010இல் உச்ச நீதிமன்றம், ஒரு இலட்சம் மக்கள்தொகைக்கு ஓர் உறைவிடம் வீதம் நகரங்களில் அமைக்கப் பணித்தது. சென்னை மாநகராட்சியும் அத்தகைய உறைவிடங்களை நடத்தி வருகிறது. அவை உயிர் காப்பவை; ஐயமில்லை. ஆயினும் உறைவிடம் என்பது வழிப்போக்கனின் சத்திரம். குடும்பம் அங்கே வேரூன்ற முடியாது. பின்லாந்து நாடு இதை உணர்ந்து, 2008 முதல் பெரிய உறைவிடங்களை மூடி, அக்கட்டடங்களையே தனித்தனி வீடுகளாக மாற்றியது. முதலில் நிலையான வீடு. குடிப்பழக்கத்துக்கும் நோய்க்கும் வேலைக்குமான உதவி அதன் பின் என்பது அவர்கள் முறை. நெடுங்காலம் தெருவில் வாழ்ந்தோர் எண்ணிக்கை அங்கே பெரிதும் குறைந்தது. நம் நாட்டின் பணமும் அவர்கள் பணமும் ஒன்றல்ல. ஆனால் தெருவில் விடப்பட்ட மனிதனுக்காக மருத்துவமனையும் காவல் நிலையமும் செய்யும் செலவும் செலவே என்று அவர்கள் எழுதிக் கூட்டிப் பார்த்தார்களே, அந்தக் கணக்கு நேர்மையை நாமும் கைக்கொள்ளலாம்.

நம் பங்கு

திருச்சபை இதைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. 1971இல் திருத்தந்தை ஆறாம் பவுல், தொழிலாளர் பற்றிய பழைய சுற்றுமடலின் எண்பதாம் ஆண்டு நினைவாக எழுதிய மடலில், பெருகும் நகரங்களின் விளிம்பில் நசுங்கும் மக்களைச் சுட்டிக் காட்டினார். ஐக்கிய நாடுகள் அவை 1987ஐ வீடற்றோர் ஆண்டாக அறிவித்தபோது, உரோமையின் நீதி அமைதிப் பணிக்குழு ஓர் ஆவணம் வெளியிட்டது. வீடற்ற உன் சகோதரனுக்கு என்ன செய்தாய் என்று காயீனைக் கேட்பது போல நம்மைக் கேட்கும் தலைப்பு அதற்கு. தன் குற்றமின்றி வீடிழந்து நிற்பவன் துரதிர்ஷ்டசாலி அல்லன். அநீதிக்கு உள்ளானவன் என்பதே அதன் சாரம். பெத்லகேமில் இடமின்றித் தொழுவத்தில் பிறந்தவரையும், தலை சாய்க்க இடமில்லை என்றவரையும் வணங்குகிற நாம், அந்த ஆவணத்தைக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டோம். நகரங்களின் நடுவே நம் நிறுவனங்களுக்கு நிலங்கள் இருக்கின்றன. அங்கு நம் பள்ளிகளைப் பெருக்கத் துப்புரவு செய்யும் பெண் எங்கிருந்து வருகிறாள் என்று நாம் கேட்டதுண்டா?

இது சென்னையின் கவலை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். திட்டக்குடி 2021இல் நகராட்சியாயிற்று. ஊர் வளர்கிறது, சாலையோர நிலத்தின் விலை ஏறுகிறது. குடிசையில்லாத் தமிழகம் என்னும் நோக்கில் அரசு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டம், ஊரகங்களில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் வரை ஒதுக்குகிறது. பட்டா உள்ளவருக்கு அது பெரும் வரம். ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் இருப்பவருக்கோ கட்டப் பணம் கிடைத்தாலும் நிற்க நிலம் இல்லை. அவர்களுக்கு மாற்று இடம் தேடும் நாள் வரும். அப்போதும் மலிவான நிலம் ஊருக்கு வெளியே, சுடுகாட்டுக்கு அப்பால் கிடைக்கும். அந்நாளில் நம்மைக் கேட்பார்கள். நம் பதில் சிலருடைய வாழ்வைத் தீர்மானிக்கும்.

அந்தத் தாயின் கதைக்குத் திரும்புவோம். கணவர் சாரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்தபின் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இன்று தம்பி வீட்டுக் கொல்லையில் தகரம் வேய்ந்த ஓர் அறையில் வாழ்கிறார்கள். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். ‘நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க சாமி’ என்றார். நல்லதற்குச் சொல்வதற்கும் நன்றாக அறிந்து சொல்வதற்கும் இடையே உள்ள தொலைவை அன்று உணர்ந்தோம்.

இப்போதும் வீடு மந்திரிக்க அழைக்கிறார்கள், மகிழ்ச்சியோடு போகிறோம். தீர்த்தம் தெளிக்கும் முன், வாசலில் நின்று வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்திக் கொண்டோம்: ‘இங்கிருந்து வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?’